அக்கா நம்பாத வணக்கம்

என் அக்கா பாலை மோந்து பார்க்காமல் காய்ச்ச மாட்டாள். முட்டையைக் காதருகே ஆட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். கதவைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டு, "நான் இழுத்துப் பார்த்தேனாடி?" என்று என்னைக் கேட்பாள். பார்த்தாய் என்று நான் சொன்னால் அதையும் நம்ப மாட்டாள். திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுப்பாள். இப்படிப்பட்டவளோடு கீழ்வீடும் மேல்வீடுமாகக் குடியிருக்கிறேன். போதாததற்கு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலையும் பார்க்கிறேன். அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர், நான் ஆபீஸ் கிளார்க். என் பொறுமையை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

இவள் ஏன் இப்படி ஆனாள் என்று கேட்பவர்கள் உண்டு. யாராவது ஏமாற்றியிருப்பார்கள், மனசு உடைந்திருக்கும் என்று கதை தேடுவார்கள். அதெல்லாம் ஒரு மண்ணும் கிடையாது. பிறவிக் குணம். கல்யாண மேடையில் நின்றுகொண்டே போட்டோக்காரரைக் கூப்பிட்டு, "கேமராவுல ஃபிலிம் போட்டீங்களா?" என்று கேட்டவள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆள் திறந்து பார்த்தார், போடவில்லை. அன்றைக்குப் பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் மாமா, "கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சு, என்னை இன்னும் செக் பண்ணிட்டுத்தான் இருக்கா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வகுப்பில் அந்தக் குணம் அவளுக்கு நன்றாகவே கைகொடுத்தது. தனக்கு நிச்சயமாகத் தெரியாத எதையும் அவள் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. விதை முளைக்கும் பாடம் வந்தால் முதலில் வீட்டில் முளைக்கவைத்துப் பார்ப்பாள். பற்கள் பற்றிய பாடத்துக்கு முந்தின நாள் மாமாவை நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லி எண்ணினாள். பரீட்சைத் தாள் திருத்தும்போது போலீஸ்காரி கெட்டாள். "ஒரே சரியான பதிலை ரெண்டு பேர் எழுதலாம். ஒரே தப்பை ரெண்டு பேர் எழுதுனா, ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்திருக்காங்கன்னு அர்த்தம்" என்பாள். யார் யாரைப் பார்த்து எழுதியது என்பதைத் தப்பை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். பிள்ளைகளுக்கு அவள்மேல் பயம் உண்டு. ஆனால் அவள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு.

அப்படிப்பட்டவளிடம்தான் பெரிய மேடம் ஜப்பான் மொழியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெரிய மேடம் என்றால் எங்கள் தலைமை ஆசிரியை.

பள்ளி திறந்து ஒரு மாதம் போயிருக்கும். ஊருக்கு வெளியே இருக்கும் கார் உதிரிபாகத் தொழிற்சாலையிலிருந்து எங்கள் தாளாளருக்கு ஒரு போன் வந்தது. அது ஜப்பான் கம்பெனி. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு டெக்னீஷியனின் மகளை மூன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றார்கள். சேர்க்கை வேலை எல்லாம் தாளாளர் வீட்டிலேயே முடிந்துவிட்டது. என் மேஜைக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது. அந்தக் கம்பெனி நமக்குப் புதுக் கழிப்பறை கட்டித் தரப்போகிறது என்று ஆபீஸில் பேச்சு அடிபட்டதும் உறுத்தல் இன்னும் கொஞ்சம் கூடியது.

"ஜப்பான் குழந்தை வருது. நம்ம பிள்ளைங்க அவங்க மொழியிலயே வணக்கம் சொல்லி வரவேற்கணும். காலைக்கு ஒண்ணு, மத்தியானத்துக்கு ஒண்ணு, நன்றிக்கு ஒண்ணு, போகும்போது ஒண்ணு. ஒரு வாரத்துல சொல்லிக்கொடுத்துடுங்க" என்றார் பெரிய மேடம்.

"எனக்கே தெரியாதே மேடம்" என்றாள் அக்கா.

"போன்ல பாருங்க. எல்லாம் இருக்கு."

போனில் எல்லாம் இருந்தது. அதுதான் அக்காவுக்குப் பிரச்சினை. அன்று சாயங்காலம் நான் கீழே இறங்கிப் போனபோது போனைச் சுவரில் சாய்த்துவைத்து முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணு ஒரு மாதிரி சொல்றா. இந்த ஆளு வேற மாதிரி சொல்றான். இவரைப் பாரு, கடைசி எழுத்தையே முழுங்கிட்டார். எதுடி சரி?"

"எல்லாமே சரியாத்தான் இருக்கும்க்கா."

"எல்லாமே சரியா இருக்கிற விஷயம் உலகத்துல எதுடி இருக்கு?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள். "நாளைக்கு நான் வணக்கம்னு நினைச்சு வேற எதையாவது சொல்லிக்கொடுத்துட்டா? அந்தப் பிள்ளை வந்த அன்னைக்கே முப்பது பேர் எழுந்து நின்னு திட்டுற மாதிரி ஆயிடாதா?"

மாமா பேப்பரைக் கீழே இறக்காமலே, "திட்டுனாலும் மரியாதையா குனிஞ்சுதானே திட்டப்போறாங்க" என்றார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் போராடி, பல பேர் ஒரேபோலச் சொல்வதை எடுத்துக்கொண்டாள். காலைக்கு "ஒஹாயோ கொசாய்மாஸ்". மத்தியானத்துக்கு "கொன்னிச்சிவா". நன்றிக்கு "அரிகாத்தோ". போகும்போது "சாயோனாரா". வகுப்பில் சொல்லவைத்தபோது முதல் நாள் ஒரே இரைச்சல். முன்பெஞ்ச் முடிக்கும்போது பின்பெஞ்ச் ஆரம்பித்தது. குனியச் சொன்னால் நாலைந்து பேர் நெற்றியை மேஜையில் இடித்துக்கொண்டார்கள். அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். "ஒஹாயோ" என்றதும் டஸ்டரால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவாள். எல்லோரும் லேசாகத் தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு, அதற்குப் பிறகு "கொசாய்மாஸ்" என்று சேர்ந்து முடிக்க வேண்டும். நடுவில் அந்த ஒரு தலையாட்டல் வந்ததும் வகுப்பு மொத்தமும் ஒரே குரலாகிவிட்டது. எந்த வீடியோவிலும் இல்லாத சங்கதி அது. அக்கா டஸ்டரிலிருந்து எடுத்தது.

அந்தப் பெண் வந்தாள். ஒல்லியான பிள்ளை, காதுவரை வெட்டிய முடி, முதுகைவிடப் பெரிய பை. கம்பெனி காரின் டிரைவர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவள் பேரைத் தாளாளர் ஒரு மாதிரியும் பெரிய மேடம் இன்னொரு மாதிரியும் சொன்னார்கள். பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிட்டு 'புதுசு' என்று வைத்துக்கொண்டார்கள். புதுசு வகுப்பு வாசலில் காலை வைத்ததும் முப்பது சொச்சம் பேரும் எழுந்து, தலையை ஆட்டி, "ஒஹாயோ... கொசாய்மாஸ்!" என்று முழங்கினார்கள். ஓடு பறந்திருக்கும். அவள் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தாள். தனக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. யாரும் இல்லை என்றதும் மெதுவாக நடந்து போய்க் காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள்.

"பார்த்தியா, பிள்ளை திரும்பிப் பார்த்துச்சு" என்றாள் அக்கா அன்று மத்தியானம்.

"வெக்கமா இருக்கும்."

"வெக்கப்பட்டா தரையைப் பார்க்கும். இது பின்னால பார்த்துச்சு." சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு யோசனையில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரம் கழித்துப் புதுசு பதில் சொன்னாள். சின்னக் குரலில், தலையை ஆட்டி, அதே ஒஹாயோ. பிள்ளைகள் கை தட்டினார்கள். பெரிய மேடம் ஓடி வந்து போட்டோ எடுத்துத் தாளாளருக்கு அனுப்பினார். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதோடு சரி. காலையில் ஒஹாயோ, மத்தியானம் கொன்னிச்சிவா, சாயங்காலம் சாயோனாரா. அதற்கு நடுவில் வாயைத் திறப்பதே இல்லை. பக்கத்துப் பெண் பென்சில் கொடுத்தால் "அரிகாத்தோ" என்பாள். விளையாடக் கூப்பிட்டால் ஒதுங்கிக்கொள்வாள். அவளுக்கு நம் பேச்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அது சரி. ஆனால் ஜப்பான் மொழியிலாவது தனக்குத் தானே முணுமுணுக்க மாட்டாளா? பிள்ளைகள் பொம்மையிடம் பேசும், எறும்பிடம் பேசும். இவள் எதனிடமும் பேசவில்லை.

ஆளாளுக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. பெரிய வீட்டுப் பிள்ளை, திமிர் என்றார் பி.டி. சார். நாக்கில் ஏதோ கோளாறு என்றார் கூட்டிப் பெருக்கும் ஆயா. பெரிய மேடம் ஒருநாள் அக்காவை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான், எனக்கு எல்லாம் கேட்டது.

"இந்தப் பிள்ளைக்குப் பேச்சு வளர்ச்சியில குறை இருக்கு. நம்ம அவங்க மொழியிலயே பேசியும் வாயைத் திறக்கலைன்னா வேற என்ன சொல்றது? இதுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கு, அங்க சேர்த்துடச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை அவங்க அப்பா வர்றார், நானே சொல்லிடறேன்."

"எனக்கு அப்படித் தோணலை மேடம்."

"உங்களுக்கு எதுதான் தோணியிருக்கு? எல்லாத்துலயும் சந்தேகம்!"

அக்கா வெளியே வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். முகம் சிவந்திருந்தது. "குறை இருக்குன்னு ஒரு தடவை சொல்லிட்டாங்கன்னா அந்தப் பிள்ளை நெத்தியில அது ஒட்டிக்கும்டி. அப்புறம் வாழ்நாள் பூரா எவன் தேய்ச்சாலும் போகாது" என்றாள். வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை.

அன்று சாயங்காலம் மணி அடித்த பிறகு அந்தப் பெண் கம்பெனி காருக்காக வராந்தாவில் காத்திருந்தாள். என் ஜன்னலுக்கு நேர் எதிரே. அக்கா உள்ளே என் தோளுக்குப் பின்னால் நின்று அவளை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தாள். திருடனைப் பிடிக்கப் போகிறவள்மாதிரி மூச்சுவிடாமல் நின்றாள். ஆயா துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போனார். புதுசு எழுந்து நின்றாள். "ஒஹாயோ" என்றாள். தலையை ஒரு முறை ஆட்டினாள். "கொசாய்மாஸ்" என்று முடித்தாள். ஆயா, "என்ன கண்ணு?" என்றுவிட்டு நிற்காமல் போய்விட்டார். பெண் மறுபடியும் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. வலித்தது.

"பார்த்தியாடி?"

"என்னத்தை?"

"தலையை ஆட்டுனா. நடுவுல."

"எல்லாப் பிள்ளைங்களும்தான் ஆட்டுது."

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் நான் சொல்லிக்கொடுத்தேன். அது டஸ்டருக்காக ஆட்டுற தலையாட்டல். ஜப்பான்ல பிறந்த பிள்ளைக்கு என் டஸ்டர் எப்படித் தெரியும்? அதுவும் இது காலை வணக்கம். இப்ப சாயங்காலம். சொந்த பாஷை பேசுற பிள்ளை காலையையும் சாயங்காலத்தையும் குழப்புமா?" அக்காவின் குரல் தணிந்துகொண்டே போனது. "என் தப்பை அப்படியே எழுதியிருக்கா. இவ நம்மளைப் பார்த்து எழுதுறாடி."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அக்கா அதற்குள் வகுப்புக்கு ஓடிச் சுவரில் மாட்டியிருந்த உலகப்படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். வராந்தாத் தரையில் விரித்தாள். அந்தப் பெண்ணின் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, நாங்கள் இருக்கும் இடத்தில் விரலை வைத்துத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பிறகு பெண்ணின் நெஞ்சைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

பெண் படத்தையே பார்த்தாள். விரல் நேராகப் போனது, தயங்கவே இல்லை. ஜப்பான் பக்கம் திரும்பவும் இல்லை. கீழே இறங்கி, கடலோரமாக ஒல்லியாக வளைந்து கிடக்கும் ஒரு நாட்டில் நின்றது. வியட்நாம்.

இத்தனை நாள் இத்தனை பெரியவர்கள் இருந்தும், எந்த ஊர் பாப்பா நீ என்று அந்தப் பிள்ளையிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. வேற்று முகம் ஒன்று வந்து நின்றது, ஜப்பான் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது, இரண்டையும் முடிச்சுப்போட்டுவிட்டுக் குனிந்து நின்றோம். நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அக்கா அப்படியே ஆபீஸுக்குள் நுழைந்தாள். பெரிய மேடம் நம்பவில்லை.

"அது ஜப்பான் கம்பெனிதானே?"

"நான்கூட ஜப்பான் ஸ்கூட்டர்லதான் மேடம் வர்றேன். அதுக்காக என்னை ஜப்பான்காரின்னு சொல்லுவீங்களா?"

நான் தலையைக் குனிந்து டிராயரில் எதையோ தேடுவதுபோல் நடித்தேன். மேடத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "எந்த நாடா இருந்தா என்ன? பிள்ளை பேசலை, அதுதானே விஷயம்? வெள்ளிக்கிழமை நான் சொல்லத்தான் போறேன்" என்றார். விட்டுக்கொடுத்தால் கழிப்பறைக்காகத்தான் இத்தனை ஆட்டம் என்று வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு என்று நான் சந்தேகப்பட்டேன்.

மறுநாள் கார் டிரைவரிடம் வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். அடுக்குமாடிக் கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏறும்போதே அக்காவுக்குப் புதுச் சந்தேகம். "அந்தப் பிள்ளை ஏன் ஆயாகிட்டப் போய் ஜப்பான் மொழியில பேசுச்சு?"

"வணக்கம் சொல்லியிருக்கும்."

"அதான் ஏன்? நம்ம ஆயாகிட்ட ஏன் ஜப்பான் மொழியில?"

எனக்கு மூச்சு வாங்கியது. காலிங் பெல்லை அழுத்தினேன். கதவு திறந்தது.

பெண்ணின் அம்மா நின்றிருந்தாள். சின்ன வயசு, கையில் ஈரம், தோளில் துண்டு. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "ஒஹாயோ" என்றாள். தலையை ஒரு முறை ஆட்டினாள். "கொசாய்மாஸ்" என்றாள்.

அக்காவின் டஸ்டர் மூன்றாம் மாடி வரை ஏறி வந்துவிட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள் அந்த அம்மா. பெட்டிகள் இன்னும் முழுசாகப் பிரிக்கப்படவில்லை. ஒரு மடக்கு மேஜை, நாலு நாற்காலி, ஜன்னலில் துணி காய்ந்தது. பெண் அம்மாவின் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றாள். அம்மா தன் போனை எடுத்துத் தன் மொழியில் பேசிவிட்டு எங்கள் பக்கம் நீட்டினாள். போன் செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது: "உங்கள் மொழி அழகாக இருக்கிறது. என் மகள் தினமும் வீட்டில் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறாள்."

அவள் மறுபடி போனில் பேசினாள். இந்த முறை கொஞ்சம் தயங்கினாள். போன் சொன்னது: "ஆனால் கடையில், படிக்கட்டில், தெருவில் நாங்கள் வணக்கம் சொன்னால் யாரும் திருப்பிச் சொல்வதில்லை. வகுப்பில் மட்டும்தான் சொல்கிறார்கள். வெளியே எங்களைப் பிடிக்கவில்லை என்று மகள் நினைக்கிறாள். அதனால் பேச்சைக் குறைத்துவிட்டாள். நாங்கள் தவறாகச் சொல்கிறோமா?"

எனக்கு அந்த மாடியிலிருந்தே குதித்துவிடலாம் போலிருந்தது. ஒரு பிள்ளை புது ஊருக்கு வருகிறது. முதல் நாளே முப்பது பேர் எழுந்து நின்று ஒரு வணக்கம் சொல்கிறார்கள். இதுதான் இவர்கள் பாஷை என்று எடுத்துக்கொள்ளாமல் அது வேறென்ன செய்யும்? வீட்டுக்கு வந்து அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. குடும்பமே பால்காரருக்கும் வாட்ச்மேனுக்கும் காய்கறிக் கடைக்கும் ஒஹாயோ சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறது. கேட்டவர்களோ இந்த வெளிநாட்டுக்காரர்கள் ஏதோ சொல்கிறார்கள் என்று பேசாமல் போயிருக்கிறார்கள்.

அக்கா போனைக் கையில் வாங்கினாள். சந்தேகப்படுகிறவளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தன் தப்பையும் அவள் விட்டுவைக்க மாட்டாள். "நீங்க தப்பா சொல்லலை. நாங்கதான் தப்பு பண்ணிட்டோம். நான் சொல்லிக்கொடுத்தது எங்க மொழி இல்லை, ஜப்பான் மொழி. உங்க பொண்ணை ஜப்பான்னு நினைச்சோம்" என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

போன் அதைச் சொல்லி முடித்ததும் அந்த அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், உடம்பு குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி, மகளின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பெண் நிமிர்ந்து பார்த்து என்னவோ கேட்டாள். போன் சொன்னது: "அப்படியானால் இங்கே நிஜமாக என்ன சொல்வார்கள்?"

"வணக்" என்று ஆரம்பித்த அக்கா நிறுத்திவிட்டாள். சந்தேகம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"நீ என்னைக்காவது எனக்கு வணக்கம் சொல்லியிருக்கியாடி?"

"நான் எதுக்கு உனக்கு வணக்கம் சொல்றேன்?"

"மாமாவுக்கு?"

"சே, போக்கா."

"பக்கத்து வீட்டுக்கு? ஆயாவுக்கு? மேடைல நிக்கிறவங்களைத் தவிர யாருக்காவது? வேற என்னதான்டி சொல்றோம் நாம?" யோசித்தாள். ஒரு தடவை தப்பு நடந்துவிட்டது, இன்னொரு தடவை புத்தகத்தில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வரக்கூடாது என்ற பிடிவாதம் முகத்தில் தெரிந்தது. கடைசியில் பெண்ணைப் பார்த்து, தினமும் என்னைப் பார்த்துக் கேட்கிற அதே தொனியில், "சாப்ட்டியா?" என்றாள்.

போன் அதை அவர்கள் மொழியில் சொன்னது. அம்மாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். அம்மாவிடம் பேசினாள், அக்காவிடம் பேசினாள், என் முழங்காலைத் தட்டிப் பேசினாள். குரல் கணீரென்று இருந்தது. போனால் ஈடுகொடுக்க முடியவில்லை. துண்டு துண்டாகத்தான் வந்தது: "எங்கள் ஊரிலும்", "பக்கத்து வீட்டு அத்தை", "தினமும் கேட்பார்", "சாப்பிட்டாயா என்றுதான்". நாக்கில் கோளாறாம், தனிப் பள்ளிக்கூடமாம்! பெரிய மேடத்தை இழுத்து வந்து அந்த மடக்கு மேஜை எதிரே உட்காரவைக்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

டஸ்டர் இல்லாமலே பாடம் நடந்தது. "சாப்ட்டியா?" என்றால் "சாப்ட்டேன்" என்று சொல்ல வேண்டும். பெண் அதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். படி இறங்கும்போது, "பெரியவங்களை 'சாப்ட்டீங்களா'ன்னு கேட்கணும்னு சொல்லிக்கொடுத்திருக்கலாமேக்கா" என்றேன்.

"முதல்ல பேசட்டும். மரியாதை பின்னால வரும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பெண்ணின் அப்பா கம்பெனி உடையில் வந்து பெரிய மேடத்தின் எதிரே உட்கார்ந்தார். அரைகுறை ஆங்கிலம் பேசுவார். அக்கா பெண்ணையும் கூட்டிக்கொண்டு தடுப்புக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்றாள். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள், இந்த வயசில்! "நம்ம முன்னால பேசிடுச்சு. மேடம் முன்னால பேசுமா? ஒரு நாள்ல மறந்திருந்தா?" என்று என் காதைத் தின்றாள். மேடம் சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை, ஆனால் என்று அந்த 'ஆனால்' வரைக்கும் வந்துவிட்டார். அப்போது அக்கா பெண்ணின் முதுகில் கை வைத்து உள்ளே அனுப்பினாள்.

பெண் தன் பையோடும் டிபன் பாக்ஸ் கூடையோடும் மேஜை முன்னால் போய் நின்றாள். மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள். "சாப்ட்டியா?" என்றாள்.

பெரிய மேடத்தை அந்தக் கட்டடத்துக்குள் 'நீ' என்று பேசியவர் அதுவரை யாரும் இல்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். மேடத்தின் கண் பலகைத் தடுப்பைத் தாண்டி அக்காவைத் தேடியது. கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாயா என்று கேட்டது அந்தப் பார்வை. பிறகு பெண்ணின் பக்கம் குனிந்து, தலையை இடவலமாக ஆட்டி, நிதானமாக, "இல்லம்மா. இன்னும் சாப்பிடலை" என்றார்.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. இந்தப் பதிலை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. யார் கேட்டாலும் "சாப்ட்டேன்" என்றுதான் சொல்லுவார்கள், அதற்கு மேல் பாடம் போகவில்லை. மேடம் வேண்டுமென்றே பொறி வைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நிஜமாகவே காலையில் சாப்பிடாமல் வந்திருந்தாரோ என்னவோ, அது இன்றுவரை தெரியாது.

பெண் அசையாமல் நின்றாள். மேடத்தின் வாயைப் பார்த்தாள், ஆட்டிய தலையைப் பார்த்தாள். அவள் அப்பா ஏதோ எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். பிறகு கூடையைத் தரையில் வைத்து, டிபன் பாக்ஸை எடுத்து, மூடியைக் கஷ்டப்பட்டுத் திறந்து, மேஜையில் மேடத்தின் கைக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். உள்ளே சோறும் பாதியாக வெட்டிய அவித்த முட்டைகளும் இருந்தன.

பெரிய மேடம் டப்பாவைப் பார்த்தார். அந்த 'ஆனால்' அதன் பிறகு வரவே இல்லை. பாதி முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மூடியைத் தானே மூடி அவள் கையில் கொடுத்து, "கிளாசுக்குப் போடா கண்ணு, மணி அடிச்சாச்சு" என்றார்.